1964 பாண்டியாக் ஜிடிஓ: குடும்பக் காரின் இன்ஜின் இளைஞர் கைக்கு வந்த கதை

அமெரிக்காவில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இளவட்டமாக இருந்த ஒருவரிடம் அவருடைய முதல் கார் எது என்று கேட்டுப் பாருங்கள். காரின் பெயரோடு நிறுத்த மாட்டார். இன்ஜினின் அளவையும் சேர்த்தே சொல்வார்: 327, 383, 389, 396, 440. கன அங்குலக் கணக்கில் வரும் அந்த எண்கள் அவருக்குப் பள்ளி நண்பர்களின் பெயர் மாதிரி மனப்பாடம். காரை விற்று ஐம்பது வருடம் ஆகியிருக்கும். கார்புரேட்டர் எத்தனை, கியர் எத்தனை, பின் அச்சின் பல் விகிதம் என்ன என்பதெல்லாம் இன்னும் நாக்கு நுனியில் இருக்கும்.

அந்த எண்களில் 389ஐ மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பாண்டியாக் நிறுவனம் 1964 மாடலாக விட்ட ஜிடிஓ காருக்குள் இருந்த இன்ஜின் அது. நடுத்தர அளவுக் காரில் பெரிய இன்ஜினை வைத்த, மசில் கார் என்று நாம் சொல்லும் வகை இந்தக் காரிலிருந்துதான் முறையாகத் தொடங்குகிறது. அதற்கு முன்பும் பெரிய இன்ஜின் வைத்த வேகமான கார்கள் உண்டு. 1949இல் ஓல்ட்ஸ்மொபைல் ராக்கெட் 88 வந்தது. 1955இல் கிரைஸ்லர் சி-300 வந்தது, ஆனால் அது வசதியானவர்களின் கார். இருபது வயதுப் பையன் கடைக்குப் போய், தவணையில் வாங்கி, அன்று மாலையே தெருவில் ஓட்டக்கூடிய ஒன்றாக வந்தது ஜிடிஓதான்.

389 அபூர்வமான இன்ஜினே இல்லை. அப்பா ஓட்டிய பெரிய பாண்டியாக் காரிலும் அதுதான் இருந்தது. அது சாதாரணமாக இருந்ததால்தான் இத்தனை பேருக்குக் கிடைத்தது, இத்தனை பேர் அதைத் தங்கள் கையால் பிரித்துப் பூட்டினார்கள், இன்றும் மறக்காமல் இருக்கிறார்கள் என்பது என் முடிவு. அது எப்படி என்று பார்ப்போம்.

அதுவரை பாண்டியாக்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பாண்டியாக் என்றால் வயதானவர்களின் கார். ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தில் ஷெவர்லேக்கு ஒரு படி மேல், நம்பகமானது, பரபரப்பு இல்லாதது. 1955 மாடலில் அந்த நிறுவனம் தன் முதல் நவீன வி-8 இன்ஜினை, அதாவது எட்டு சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக வி வடிவில் நிற்கும் இன்ஜினைக் கொண்டு வந்தது. அளவு 287 கன அங்குலம். வால்வுகளை இயக்கும் ராக்கர் ஆர்ம்களைக் கனமான வார்ப்பாகச் செய்யாமல், தகட்டை அச்சில் அழுத்திச் செய்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஸ்டட்டில் உட்கார வைத்திருந்தார்கள். பாண்டியாக் பொறியாளர் கிளேட்டன் லீச்சின் யோசனை அது. செலவும் குறைவு, எடையும் குறைவு. அதே வருடம் வந்த ஷெவர்லேயின் புகழ்பெற்ற சிறிய வி-8இலும் இதே அமைப்புதான் இருந்தது.

1956இல் பங்கி நூட்சன் தன் 43ஆவது வயதில் பாண்டியாக்கின் தலைமைக்கு வந்தார். இளைஞர்களைப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய குறி. பீட் எஸ்டஸ், ஜான் டிலோரியன் என்ற இரண்டு பொறியாளர்களைக் கூட்டி வந்தார். பந்தயங்களில் இறங்கினார். 1961இலும் 1962இலும் டேட்டோனா 500 பந்தயத்தை வென்றது பாண்டியாக் கார். 1962 வாக்கில் அமெரிக்க விற்பனையில் ஷெவர்லே, ஃபோர்டுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் இருந்தது பாண்டியாக். ஆறேழு வருடத்தில் ஒரு பெயரை இந்த அளவுக்கு மாற்றிக் காட்டியவர்கள் குறைவு.

இதற்கிடையில் அந்த 1955 இன்ஜின் வருடா வருடம் வளர்ந்தது: 317, 347, 370, 1959இல் 389, அப்புறம் 421. உள்ளே சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் கூடினவே தவிர, வெளியிலிருந்து பார்த்தால் இன்ஜின் ஏறக்குறைய அதே உருவம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதில்தான் திரும்பப் போகிறது.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை ஓர் உத்தரவு போட்டது: இனி எந்தப் பிரிவும் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது. நிறுவனத்தின் கையில் சந்தையில் பாதிக்கு மேல் இருந்தது, இன்னும் வளர்ந்தால் அரசு தன்னைப் பிரித்துவிடுமோ என்ற அச்சம் அதற்கு இருந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், அதிக அடி வாங்கியது பாண்டியாக். அதன் பெயரே பந்தயத்தால் வந்த பெயர். நூட்சன் அதற்குள் ஷெவர்லேக்குப் போய்விட்டார். எஸ்டஸ் தலைவர், டிலோரியன் தலைமைப் பொறியாளர். பந்தயத் திடலில் காட்ட முடியாத வேகத்தை வேறு எங்கே காட்டுவது என்பது அவர்கள் முன் நின்ற கேள்வி.

மில்ஃபோர்டில் ஒரு சனிக்கிழமை

டிலோரியன் சனிக்கிழமை காலைகளில் தன் பொறியாளர்களோடு மில்ஃபோர்டில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் சோதனைத் திடலில் கூடுவார். காரைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதன் அடியில் நின்றபடி இப்படிச் செய்தால் என்ன, அப்படிச் செய்தால் என்ன என்று பேசுவார்கள். 1963இன் தொடக்கத்தில் அப்படி ஒரு நாள், அவர்கள் முன் இருந்தது பாண்டியாக்கின் நடுத்தர அளவுக் காரான டெம்பெஸ்டின் 1964 முன்மாதிரி. அதில் 326 வி-8 இருந்தது. கூட இருந்தவர்கள் பில் காலின்ஸ், ரஸ்ஸல் ஜீ. 326 உட்காரும் அதே இடத்தில் 389ம் அப்படியே உட்காரும், தாங்கிகளைக்கூட மாற்ற வேண்டாம் என்று காலின்ஸ் சொன்னார். வேறு யாரும் அதிகம் பேசவில்லையாம். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அடுத்த வாரமே 389 வைத்த டெம்பெஸ்ட் ஒன்று ஓடத் தயாராக இருந்தது.

டெம்பெஸ்டின் முன்கதையையும் சொல்ல வேண்டும். 1961 முதல் 1963 வரை வந்த டெம்பெஸ்டில் அடிப்படை இன்ஜின் நான்கு சிலிண்டர்தான். அது 389இல் ஒரு பக்க வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு செய்தது, 194.5 கன அங்குலம், சரியாகப் பாதி. கியர்பாக்ஸ் பின்பக்கம் இருக்கும், இரண்டையும் இணைப்பது வளைந்த மெல்லிய தண்டு. துணிச்சலான பொறியியல்தான். ஆனால் 1964க்கு அதையெல்லாம் விட்டுவிட்டு, தனிச் சட்டகம், முன்னால் இன்ஜினும் கியர்பாக்ஸும், பின்னால் வழக்கமான திட அச்சு என்று எளிய அமைப்புக்குத் திரும்பினார்கள். பெரிய இன்ஜினைத் தாங்கும் வண்டியாக டெம்பெஸ்ட் மாறியது இதனால்தான். இந்த மாற்றம் இல்லாமல் சனிக்கிழமைப் பேச்சு பேச்சாகவே போயிருக்கும்.

330 என்ற வரம்பு

நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் விதி. பாண்டியாக்கின் 326ஏ இதற்கு ஒரு நல்ல சாட்சி. 1963இல் அந்த இன்ஜினின் உண்மையான அளவு 336. பெயரில் மட்டும் 326 என்று போட்டிருந்தார்கள். 1964இல் சிலிண்டர் விட்டத்தைக் குறைத்து உண்மையிலேயே 326 ஆக்கினார்கள். அவ்வளவு கண்டிப்பான விதி.

அப்படியானால் 389 எப்படி உள்ளே வந்தது? விதி புதிய மாடல்களைப் பற்றிப் பேசியது. மாடலுக்கு மேல் வாங்குபவர் கேட்டு வாங்கும் கூடுதல் வசதிகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே ஜிடிஓ தனி மாடலாக வரவில்லை. டெம்பெஸ்டின் உயர் ரகமான லெமான்ஸ் காருக்குக் கூடுதல் வசதியாக, சுமார் 295 டாலருக்கு விலைப் பட்டியலில் ஏறியது. அந்தப் பணத்துக்கு 389 இன்ஜின், இரட்டைப் புகைக்குழாய், தரையிலிருந்து எழும் ஹர்ஸ்ட் கியர் கம்பி, விறைப்பான ஸ்பிரிங், பக்கவாட்டில் சிவப்புக் கோடு போட்ட டயர், பானெட்டில் இரண்டு காற்று மூக்கு. மூக்குகள் அந்த வருடம் வெறும் அலங்காரம்.

எஸ்டஸ் ஒப்புக்கொண்டார். மேலிடத்தில் கேட்காமல் ஒப்புக்கொண்டார் என்பதால் அவருடைய தைரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். டிலோரியனின் பெயர் இந்தக் கதையில் எப்போதும் முன்னால் வரும். ஆனால் வேலை போனால் முதலில் போயிருக்க வேண்டியது எஸ்டஸின் வேலை. விற்பனை மேலாளர் ஃபிராங்க் பிரிட்ஜ் தயங்கினார். 5,000 கார் வரை சம்மதம் என்றார். 1964 மாடல் ஆண்டு முடியும்போது 32,450 விற்றிருந்தது. தலைமை அலுவலகம் விழித்தபோது டீலர்களின் கையில் ஆர்டர்கள் குவிந்திருந்தன, நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

இன்ஜினுக்குள்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சிலிண்டர் விட்டம் 4.06 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் 3.75 அங்குலம், எட்டு சிலிண்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 6.4 லிட்டர். நம் ஊர் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினைப் போல நான்கு மடங்குக்கும் மேல். சிலிண்டர் ஹெட் பெரிய 421இலிருந்து எடுத்தது. அழுத்த விகிதம் 10.75க்கு 1. ஒரே ஒரு நான்கு வாய் கார்புரேட்டரோடு 325 குதிரைத்திறன். கூடுதல் பணம் கொடுத்தால் ட்ரை-பவர்: வரிசையாக மூன்று ரோசெஸ்டர் கார்புரேட்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், மொத்தம் 348 குதிரைத்திறன்.

இந்தக் குதிரைத்திறன் எண்களை இன்றைய எண்களோடு வைத்துப் பார்க்கக் கூடாது. அன்று இன்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டியும் வண்டியில் வரும் சைலன்சரும் ஆல்டர்னேட்டர் சுமையும் இல்லாமல் அளந்தார்கள். வண்டிக்குள் இருக்கும் நிலையில் அளப்பது 1972இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 348 என்பது சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்த திறன் அல்ல.

ஆனால் 389ஐ ஓட்டியவர்கள் பேசுவது குதிரைத்திறனைப் பற்றி அல்ல, இழுவையைப் பற்றி. நிமிடத்துக்கு 3,200 சுற்றிலேயே 428 பவுண்ட்-அடி முறுக்கு விசை, அதாவது சுமார் 580 நியூட்டன் மீட்டர். அதிகமாகச் சுழன்று கூவ வேண்டிய தேவை இந்த இன்ஜினுக்கு இல்லை. குடும்பக் காரை அலுங்காமல் நகர்த்துவதற்காக வடிவமைத்தது என்பதால் கீழ்ச் சுற்றிலேயே முழு பலமும் வந்துவிடும். அந்தப் பலத்தை ஒன்றரை டன்னுக்குச் சற்றே அதிகமான வண்டியில் வைத்தால் என்ன ஆகும்? மூன்றாவது கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது காலை அழுத்தினால் போதும், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும்.

ட்ரை-பவர் இன்னும் ஒரு படி மேல். சாதாரணமாக ஓட்டும்போது நடுவில் உள்ள கார்புரேட்டர் மட்டும் வேலை செய்யும். சமாளிக்கும் அளவுக்குத்தான் பெட்ரோல் குடிக்கும். ஆக்சிலேட்டரைக் கீழே வரை மிதித்தால் முன்னும் பின்னும் உள்ள இரண்டும் திறந்துகொள்ளும். ஆறு வாயும் ஒன்றாகக் காற்றை இழுக்கும் உறிஞ்சல் சத்தம் பானெட்டைத் தாண்டி உள்ளே கேட்கும். முதல் காராக ட்ரை-பவர் ஜிடிஓ வைத்திருந்தவர்கள் விவரிக்கும்போது பெரும்பாலும் கையால் காட்டுவார்கள், சொல்லால் முடியாமல். மூன்று கார்புரேட்டரையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி வைப்பது தனிக் கலை. ஒன்று பிசகினாலும் ஐடில் நிற்காது, பச்சைப் பெட்ரோல் வாசனை வரும். அந்த வாசனையையும் ஆசையோடு சொல்பவர்கள் உண்டு.

அப்புறம் அந்தச் சத்தம். அமெரிக்க வி-8 சும்மா நிற்கும்போது வரும் தடுமாறும் குடுகுடு ஒலிக்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. பாண்டியாக் வி-8இல் ஓட்டுநர் பக்க வரிசையில் 1, 3, 5, 7 என்ற சிலிண்டர்கள், மறுபக்கம் 2, 4, 6, 8. தீப்பொறி விழும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இரண்டு பொறிகளுக்கு இடையே கிராங்க் ஷாஃப்ட் 90 டிகிரி சுற்றுகிறது. மொத்த இன்ஜினாகப் பார்த்தால் சீரான துடிப்பு. ஒரு பக்கத்தை மட்டும் கேளுங்கள்: ஓட்டுநர் பக்கத்தில் 5ம் 7ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன, மறுபக்கத்தில் 8ம் 4ம். ஆக ஒரு பக்கத்துப் புகைக்குழாயில் வெடிப்புகளின் இடைவெளி 270 டிகிரி, 180, 90, மறுபடி 180 என்று ஏறி இறங்குகிறது. ஜிடிஓவில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் என்பதால், இந்தத் தாளக் கட்டு கலந்து மழுங்கிப் போகாமல் பின்னால் வரை வந்து சேர்கிறது. கேட்டுப் பழகிய காது, தெரு முனையில் திரும்பும் வண்டி யாருடையது என்று வீட்டுக்குள் இருந்தே சொல்லிவிடும்.

விற்றது யார், வாங்கியது யார்

ஜிடிஓ என்ற பெயரை ஃபெராரியின் 250 ஜிடிஓவிலிருந்து எடுத்தவர் டிலோரியன். ஐரோப்பியக் கார் ரசிகர்கள் பலருக்குக் கோபம். அந்தக் கோபத்தையே விளம்பரமாக்கியவர் பாண்டியாக்கின் விளம்பர நிறுவனத்தில் இருந்த ஜிம் வாங்கர்ஸ். 1964 மார்ச் மாதத்தில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை இரண்டு ஜிடிஓக்களையும் ஒப்பிட்டு அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. ஃபெராரி சோதனைக்கு வரவே இல்லை. பாண்டியாக் கார் மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் எட்டியதாக எழுதினார்கள். அன்றைய நிலவரத்தில் நம்ப முடியாத எண் அது. சோதனைக்குக் கொடுத்த காருக்குள் இருந்தது 389 அல்ல, ராயல் பாண்டியாக் என்ற டீலர் பட்டறையில் தயாரான 421 என்று பல வருடம் கழித்து வாங்கர்ஸே ஒப்புக்கொண்டார்.

இது சரியல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். 389ன் உண்மையான எண்களே போதும், பொய் தேவைப்படவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளியே ஒரே தோற்றம் கொண்ட இரண்டு இன்ஜின்கள் என்பதால்தான் இந்த ஏமாற்று சாத்தியமானது. காரைப் பிறப்பித்த அதே ஒற்றுமை அதன் முதல் புளுகுக்கும் வழி செய்தது.

ராயல் ஓக் ஊரில் இருந்த அந்த ராயல் பாண்டியாக் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். 'பாப்கேட்' என்ற பெயரில் ஒரு பொட்டலம் விற்றார்கள்: மெல்லிய ஹெட் கேஸ்கெட், கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட்டுகள், டிஸ்ட்ரிபியூட்டரின் டைமிங்கை மாற்றும் பாகங்கள், இப்படிச் சில சாமான்கள். தபாலிலும் வரவழைக்கலாம். சனிக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பையன் தானே பூட்டிவிடக்கூடிய வேலை. கார் அதற்கப்புறம் அவனுடைய கார்.

வாங்கியவர்களைப் பற்றிச் சொல்ல ஒரு கணக்கு போதும். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை பெருகத் தொடங்கியது 1946இல். அந்தக் குழந்தைகளுக்கு 18 வயது நிறைந்தது 1964இல். ஆலைகளில் வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, கடன் எளிதாகக் கிடைத்தது, பெட்ரோல் ஒரு கேலன் 30 சென்ட் அளவில் விற்றது. 1965இல் ஜிடிஓ விற்பனை 75,352. 1966இல் அது தனி மாடலாகவே ஆனது, விற்றது 96,946. இதுதான் உச்சம்.

அந்தக் கார்கள் மாலையில் கூடிய இடங்களில் பெயர் பெற்றது டெட்ராய்ட்டிலிருந்து பாண்டியாக் நகரம் வரை போகும் வுட்வர்ட் சாலை. கார் செய்தவர்களும் அந்தச் சாலைக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தார்கள். இரவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடந்தது. சட்டத்துக்குப் புறம்பானது, ஆபத்தானது, உயிர்கள் போயின. பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் பலர் அதையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார்கள்.

காரிலும் குறை இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதுவும் சிறியது. வேகமாகப் போய் ஒரு முறை நிறுத்தலாம். சூடு ஏறிய பிறகு இரண்டாம் முறை அதே நம்பிக்கையோடு மிதிக்க முடியாது. ஸ்டியரிங் மந்தம். மூக்கு கனம். முன்பக்கம் டிஸ்க் பிரேக் கேட்டு வாங்கும் வசதியாக வந்தது 1967இல்தான். ஓட முடிந்த வேகத்துக்கு ஏற்ப நிற்கும் வலிமையைக் கொடுக்காமல் மூன்று வருடம் விற்றது பாண்டியாக் பொறியாளர்களின் பெரிய தவறு. இன்ஜின் மீதுள்ள பிரியத்தில் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இறங்குமுகம்

ஜிடிஓ ஜெயித்ததும் எல்லோரும் வந்தார்கள். ஓல்ட்ஸ்மொபைல் 442, ப்யூக் கிரான் ஸ்போர்ட், ஷெவெல் எஸ்எஸ் 396. 1966இல் கிரைஸ்லர் தன் 426 ஹெமி இன்ஜினைத் தெருக் கார்களுக்குக் கொடுத்தது, 425 குதிரைத்திறன். 1968இல் பிளிமத் ரோடு ரன்னர் அலங்காரத்தைக் குறைத்து விலையையும் குறைத்தது. 1967 மாடல் வந்தபோது ட்ரை-பவர் போயிற்று. கொர்வெட் தவிர வேறு எதிலும் ஒன்றுக்கு மேல் கார்புரேட்டர் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் சொல்லிவிட்டது. 389ம் 400 ஆக வளர்ந்து பெயர் மாறியது. நல்ல இன்ஜின்தான், சொல்லப்போனால் இன்னும் நல்ல இன்ஜின். 1969இல் 'ஜட்ஜ்' என்ற ஆரஞ்சு வண்ண ஜிடிஓவில் வெளிக்காற்றை நேராக இழுக்கும் அதன் ராம் ஏர் வடிவம் 366, 370 குதிரைத்திறன் என்று போனது. 1970இல் 455 வந்தது.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் கவிழ்ந்தது. இளம் ஓட்டுநரும் பெரிய இன்ஜினும் சேர்ந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் போட்டன. சில இடங்களில் மாதத் தவணையை எட்டும் அளவுக்குப் பிரீமியம். 1970இன் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈயம் கலக்காத பெட்ரோலுக்குத் தயாராக 1971 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 10.75 இருந்த இடத்தில் 8.2. விற்பனை 1970இல் 40,149, 1971இல் 10,532, 1972இல் 5,807. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. 1974இல் ஜிடிஓ என்ற பெயர் சின்ன வென்ச்சுரா காரில், 350 கன அங்குலம், 200 குதிரைத்திறனோடு வந்து, அத்தோடு முடிந்தது.

இரண்டாம் கை வருடங்கள்

முதல் கார் நினைவு என்று வரும்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதற்குப் பிந்தைய காலம். 1966இல் புதிதாக வாங்கியவர்கள் 96,946 பேர். ஆனால் அந்த ஒவ்வொரு காரும் எழுபதுகளில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கைக்கு மாறியது. பெட்ரோல் விலை ஏறிய பிறகு, கேலனுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தரும் எட்டு வருடப் பழைய காரை யார் விரும்புவார்கள்? குடும்பஸ்தர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வாங்கியவர்கள் பள்ளி மாணவர்கள். பெட்ரோல் பங்கில், மளிகைக் கடையில் வேலை செய்து சேர்த்த பணம். புதிய காருக்குப் போதாது, பழைய ஜிடிஓவுக்குப் போதும்.

அந்தக் கைகளில்தான் 389 உண்மையில் வாழ்ந்தது என்பேன். துரு ஏறிய கதவு, கிழிந்த வினைல் சீட், குளிர்காலக் காலையில் சோக் போட்டும் கிளம்ப மறுக்கும் இன்ஜின். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்க அந்தக் காலத்தில் கயிறு போன்ற சீல் வைத்திருந்தார்கள். வயதானால் அது கசியும். வீட்டு வாசல் சிமெண்டில் கறுப்புப் பொட்டுகள் விழும், அம்மாவின் திட்டும் விழும். ஆனால் பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கணினி கிடையாது. பாயிண்டுகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்யலாம். டைமிங் லைட்டைப் பிடித்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பலாம். எட்டு பிளக்கையும் கழற்றி நிறத்தைப் பார்த்தால் எந்தச் சிலிண்டர் பசியோடு இருக்கிறது, எது அதிகம் குடிக்கிறது என்று தெரிந்துவிடும். தேவையான பாகம், இடித்து நொறுக்கும் கிடங்கில் நிற்கும் ஏதோ ஒரு பெரிய பாண்டியாக் குடும்பக் காரிலேயே கிடைக்கும். லட்சக்கணக்கில் வார்த்த இன்ஜின் அல்லவா. அபூர்வ இன்ஜினாக இருந்திருந்தால் பதினேழு வயதில் அதைப் பிரிக்க யாருக்குத் துணிவு வந்திருக்கும்? பிரித்து, பூட்டி, கறை படிந்த கையோடு சாவியைத் திருப்பியதும் அது உயிர் பெற்று எழும்போது கிடைத்த நிறைவு, பிற்காலத்தில் வாங்கிய எந்தப் புதுக் காரும் கொடுக்காத ஒன்று என்று சொல்பவர்களை நான் முழுமையாக நம்புகிறேன். ஆசைப்பட்டு வாங்குவது வேறு, தானே ஓட வைப்பது வேறு.

அப்படிப் பழகியவர்கள் பலர் கல்யாணம், குழந்தை, வேலை என்று வந்ததும் அந்தக் காரை விற்றார்கள். சிலர் இடித்தார்கள். அறுபது வயதில் மறுபடி தேடத் தொடங்கினார்கள். 1995இல் வுட்வர்ட் சாலையில் ஆண்டுக்கு ஒரு முறை பழைய கார்களின் ஊர்வலம் தொடங்கியது. ஃபெர்ன்டேல் ஊரில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டுவதற்காக ஆரம்பித்தது, இன்று ஆகஸ்டில் அந்தச் சாலையே நிரம்பி வழியும் திருவிழா.

பாண்டியாக் இன்று இல்லை. அதன் சொந்த வி-8 இன்ஜின் 1981இல் நின்றது. 2004 முதல் 2006 வரை ஆஸ்திரேலிய ஹோல்டன் காரின் உடலில் ஜிடிஓ பெயர் ஒரு முறை திரும்பி வந்தது. 350, அப்புறம் 400 குதிரைத்திறன், இன்றைய அளவு முறையில். எந்த அளவிலும் பழையதைவிட வேகமான, நல்ல கார். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் பாண்டியாக் பெயரையே நிறுத்துவதாக அறிவித்தது, 2010இல் அது முடிந்தது.

பழைய காரைத் தேடுபவர்களுக்கு ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது, அது எஸ்டஸும் டிலோரியனும் செய்த அந்த ஏற்பாட்டிலிருந்தே வருகிறது. 1964, 1965 ஜிடிஓ தனி மாடல் அல்ல என்பதால் அவற்றின் அடையாள எண் 1964இல் 824 என்றும் 1965இல் 237 என்றும் தொடங்கும், எந்த வி-8 லெமான்ஸ் காருக்கும் அப்படித்தான். 1966இல் தனி மாடல் ஆன பிறகுதான் 242 வந்தது. ஆகவே முதல் இரண்டு வருடக் காரில், எண்ணைப் பார்த்து இது ஜிடிஓவா, பிற்பாடு 389 வைத்து மாற்றிய லெமான்ஸா என்று சொல்ல முடியாது. விலை ஏற ஏற, அப்படி மாற்றிய கார்களும் பெருகின. தொழிற்சாலை டீலருக்கு அனுப்பிய விலைச்சீட்டின் நகல்கள் நுண்படமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அடையாள எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால், அந்தக் கார் எந்த டீலருக்குப் போனது, எந்த இன்ஜின், ட்ரை-பவர் உண்டா, எந்த நிறம் என்று தாளில் வரும். தன் முதல் காரின் எண்ணை ஒரு பழைய பதிவுச் சீட்டிலோ காப்பீட்டுக் காகிதத்திலோ பத்திரமாக வைத்திருப்பவர்கள், வேறு யாருடைய கொட்டகையிலோ நிற்கும் அதே காரைக் கண்டுபிடித்துத் திரும்ப வாங்குவதும் நடக்கிறது.